நான்காம் கட்டம்

காலை ஆறே கால்.
பைகுல்லா வார்டு ஆபீஸ் பின்பக்கம்
சாக்கைக் கவிழ்க்கிறான் ரகோபா.
எண்ணுவது என் வேலை.
முப்பது தேறினால்தான்
அவனுக்கு ஒரு ராத்திரி ஒரு ராத்திரியாகும்.

இருபத்தொன்பது எலி.
முப்பதாவது விழுந்தபோது தரை தொம்மென்றது.
பூனைக்குட்டியைவிடப் பெரிது,
முதுகெல்லாம் ஈர்க்குச்சி மயிர்,
தடி பட்ட இடத்தில் மட்டும் ஈரம்.

பதிவேட்டில் நான்காம் கட்டம்
பிராணியின் பெயர் கேட்கிறது.

"கூஸ்" என்றான் ரகோபா, குளிக்கப் போகும் அவசரத்தில்.
மராத்தியில் அது இந்த மிருகம், அவ்வளவுதான்.
போன வருஷம் என் பட்டியலை
இந்தி அறிக்கையில் அப்படியே சேர்த்துவிட்டார் ராம்சூரத்:
"மார்ச் மாதம் இவ்வார்டில் பிடிபட்ட கூஸ், நானூற்றுப் பன்னிரண்டு."
தில்லியிலிருந்து வந்த தணிக்கையாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.
அவர் இந்தியில் கூஸ் என்றால் லஞ்சம்.
"பிடிபட்டதையெல்லாம் என்ன செய்தீர்கள்?"
"தேவ்னாரில் புதைத்துவிட்டோம், சாப்."

ஆபீஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் தமிழும் அதே வளையில்தான் குடியிருக்கிறது.
பெருச்சாளி என்று யாரைச் சொல்கிறோமென்று
தாராவி தொண்ணூறடி ரோட்டில் கேட்டுப் பாருங்கள்.
நாலு கால் கிடையாது அதற்கு,
இஸ்திரி போட்ட சட்டை உண்டு.

இரண்டு கூஸும் ஒரே வேரா,
வெவ்வேறு வேர்கள் மண்ணுக்கடியில்
முட்டிக்கொண்டனவா, தெரியவில்லை.

காமாட்டிபுரா எல்லய்யா எட்டிப் பார்த்து
"பந்திகொக்கு" என்றான்.
பந்தி, பன்றி. கொக்கு, எலியாம்.
எனக்குக் கொக்கென்றால் வெள்ளையாய்
ஒற்றைக் காலில் நிற்பது.
பன்றிக் கொக்கு!
சிரித்ததில் கணக்கு விட்டுப்போய்
முதலிலிருந்து எண்ணினேன்.

அந்தப் பெயரைத்தான் தெலுங்குக் கரையில் கேட்டு,
நாக்கு வளைந்த மட்டுக்கும்
பாண்டிகூட் என்றான் வெள்ளைக்காரன்.
கப்பலேற்றிக்கொண்டு போனான்.
ஆஸ்திரேலியாவில் கூர்மூக்கும்
வயிற்றுப் பையில் குட்டியுமாய் ஒன்று குறுக்கே ஓட,
அதன் தலையில் இறக்கி வைத்தான்.
பங்காளியில்லை, சம்பந்தியில்லை, சுமக்கிறது பாவம்.
அதற்கு அங்கே ஏற்கெனவே இருந்த பெயரை
யாரிடமாவது கேட்டானோ என்னவோ.
என் மகள் அந்தப் படத்தைக் காட்டி
"எவ்ளோ அழகுல்ல?" என்றாள் ஒருநாள்.
கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு
சாதத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

வடமொழியில் மூஷிகம்.
மூஷ் என்றால் திருடு.
பிறக்கும்போதே பெயரில் எஃப்.ஐ.ஆர்.

செவ்வாய்க்கிழமை ரகோபா பிரபாதேவிக் கோயிலுக்குப் போயிருந்தான்.
வரிசையில் மூன்று மணி நேரம்.
வெள்ளி எலியின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு
மறு காதில் சொன்னானாம்.
ஒன்பது வருஷமாய் தினக்கூலி.
நிரந்தரமாக்க ஒன்றரை லட்சம் கேட்கிறான் ஒரு புரோக்கர்.
"அதுக்கு உங்க பாஷையில என்ன பேரு?"
"லாச்."
"ராம்சூரத் பாஷையில?"
இருவரும் தரையைப் பார்த்தோம்.
வால் ரகோபாவின் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சரி, வெள்ளி எலியை என்னன்னு கூப்பிட்டே?
மாமான்னா, மூஷிகம்னா?"

குழாயடியில் தடி நுனியைத்
தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.
"பேர் சொல்லிக் கூப்பிடலை.
கூப்பிட்டா திரும்பிப் பார்க்கும்.
ராத்திரி பண்றதுக்கு மன்னிப்பு கேட்டேன் முதல்ல.
அப்புறந்தான் வேலை விஷயம்."

வெளியே லாரி ஹாரன் அடிக்கிறது.
பேனா முனை காய்கிறது.
ஐந்தாம் கட்டத்தை முதலில் நிரப்பினேன்.
எண்ணிக்கை: ஒன்று.